ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன மாதம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பணத்தை எப்படிச் சேர்த்து வைப்பது என்ற ஒரே கேள்வியை வேறு வேறு கையெழுத்தில் கேட்டவைதான். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் குறிப்பிட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை. இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டுவாடாப் பிரிவில் 29 வருடம் உட்கார்ந்திருந்தவள். அடுத்தவர் பணம் எப்படிப் போகிறது என்று பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். மீதியை என் பணம் போனபோது கற்றுக்கொண்டேன்.

மேடம், எனக்கு 27 வயது. கல்யாணம் ஆகவில்லை. சம்பளம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் 20ஆம் தேதிக்குள் கணக்கு காலி. மூன்று பட்ஜெட் ஆப் போட்டுப் பார்த்து மூன்றையும் அழித்துவிட்டேன். எனக்கு ஒழுக்கமே இல்லை என்று அண்ணன் திட்டுகிறான். அப்படித்தானா?

ஒழுக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் தம்பி. அண்ணனையும்தான்.

எங்கள் ஆபீசில் சம்பள அட்வான்ஸ் வேண்டுமென்றால் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், பணியாளர் எண், தொகை, கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் பெரும்பாலானவர்கள் எழுதியது ‘எதிர்பாராத செலவு’. வருடக் கடைசியில் அந்தச் சீட்டுகளை ஆள்வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டி வைப்பது என் வேலை. ஒருமுறை போன வருடக் கட்டும் இந்த வருடக் கட்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சும்மா புரட்டிப் பார்த்தேன். அதே ஆள், அதே மாதம், ஏறக்குறைய அதே தொகை, அதே எதிர்பாராத செலவு. விசாரித்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம்! இன்னொருவருக்கு வண்டி இன்ஷூரன்ஸ். கட்ட வேண்டிய தேதி பாலிசியிலேயே அச்சாகியிருக்கும். அவருக்கும் அது வருடா வருடம் எதிர்பாராமல்தான் வந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் அட்வான்ஸ் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் குறைந்த சம்பளக்காரர்கள் இல்லை. மேனேஜர்களும் வந்தார்கள். என்ன, அவர்கள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

ஆகவே முதலில் ஒரு தாளில் 12 மாதங்களையும் எழுதுங்கள். போன வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதம் எந்தப் பெரிய செலவு வந்தது என்று குறியுங்கள். இன்ஷூரன்ஸ், வரி, வண்டி சர்வீஸ், வருடச் சந்தா, எப்படியும் போகத்தான் போகிறோம் என்று தெரிந்த பயணம். எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுங்கள். வருகிற தொகை மாதா மாதம் ஒரு தனிக் கணக்குக்குப் போகட்டும். நான் அதற்கு ‘மஞ்சள் சீட்டுக் கணக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சம்பளம் விழுந்த மறுநாளே சேமிப்புக்கும் இந்த மஞ்சள் சீட்டுக் கணக்குக்கும் பணம் தானாகப் போகும்படி பேங்கில் சொல்லி வைத்துவிடுங்கள். வாடகையும் கடன் தவணையும் பில்களும் அதற்குப் பிறகு. மிஞ்சியதை ஐந்தால் வகுத்து, வாரத்துக்கு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலால் வகுக்காமல் ஏன் ஐந்தால் என்கிறீர்களா? மாதத்தில் நாலு வாரம் போக இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. உங்களைக் கவிழ்ப்பது அந்த இரண்டு மூன்று நாள்தான். வாரப் பங்கை எதில் செலவழித்தாய் என்று யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டாம். மூன்று ஆப்பையும் நீங்கள் அழித்ததற்குக் காரணமே, அவை ஓயாமல் கேள்வி கேட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரே ஒரு மாதம் மட்டும் எல்லாவற்றையும் கையால் எழுதிப் பாருங்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904இல் குடும்பக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ககேபோ என்று சொல்வார்கள். இன்றைக்கும் அங்கே கணக்கு நோட்டு விற்கிறது. கையால் எழுதும்போது செலவு இரண்டாம் முறை வலிக்கிறது, அதுதான் அதில் உள்ள சூட்சுமம். என் முதல் நோட்டில் ஐந்து தலைப்பு போட்டிருந்தேன், கடைசித் தலைப்பு ‘மற்றவை’. மாத முடிவில் கூட்டினால் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அந்த ‘மற்றவை’தான்! அடுத்த மாதம் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, என்ன செலவோ அதன் பெயரையே எழுதினேன். பாதிக்கு மேல் டாக்சி. பத்து நிமிடம் தாமதமாக எழுந்ததற்கு நான் கொடுத்த விலை. அலாரத்தை மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

வருமானத்தை 50, 30, 20 என்று பிரிக்கச் சொல்கிறார்களே, கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பின்னாளில் அமெரிக்க செனட்டரான எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் பிரபலமாக்கிய கணக்கு அது. வரி போகக் கைக்கு வருவதில் பாதி தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கும் கடன் அடைக்கவும். கண்ணாடி மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாடகையே 45 சதவீதம் விழுங்குகிற வீட்டில் அந்தச் சட்டை பொருந்தாது. 5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறை சம்பளம் உயரும்போதும் உயர்ந்ததில் பாதியைச் சேமிப்புக்குத் தள்ளுங்கள். இல்லாத பணத்தைச் சேமிப்பது கஷ்டம். இன்னும் பழகாத பணத்தைச் சேமிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

நானும் என் கணவரும் ஆறு வருடமாக ‘நீண்ட கால முதலீடு’ செய்கிறோம். அதை இதுவரை மூன்று முறை உடைத்துவிட்டோம். முதல் முறை ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. அடுத்து என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மூன்றாவது, கணவருக்கு வேலை போய் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா அக்கா?

இந்த மாதத்தின் கடிதம் இதுதான் தங்கச்சி. தலைப்பும் உங்களிடம் திருடியதுதான்.

நீண்ட கால முதலீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பங்குச் சந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து பாதியில் நின்றுபோன முதலீடுகளில் சந்தை கெடுத்தவை குறைவு. ஃப்ரிட்ஜ் கெடுத்தவைதான் அதிகம். ஃப்ரிட்ஜ் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், பிறகு நிற்கும் என்பது வாங்கும்போதே தெரிந்த விஷயம். அது நிற்கிற நாளுக்கென்று பணம் இல்லாவிட்டால், முப்பது வருடப் பணம் போய் அதன் முன்னால் நிற்கும்.

உடைப்பதால் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 5,000 போடுகிறீர்கள், வருடத்துக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று வையுங்கள். இந்த 8 கணக்குக்காக வைத்துக்கொண்டது, யாரும் எழுதித் தந்த உத்தரவாதம் கிடையாது. பத்து வருடத்தில் நீங்கள் போட்டது 6 லட்சம், கையில் இருப்பது ஏறத்தாழ 9.15 லட்சம். இருபது வருடத்தில் போட்டது 12 லட்சம், இருப்பது 29.4 லட்சம். முப்பது வருடத்தில் போட்டது 18 லட்சம், இருப்பது 74.5 லட்சம். மூன்று பத்து வருடங்களிலும் நீங்கள் போட்டது அதே 6 லட்சம்தான். ஆனால் முதல் பத்து வருடம் சேர்த்துக் கொடுத்தது 9 லட்சம், கடைசிப் பத்து வருடம் சேர்த்துக் கொடுத்தது 45 லட்சம். ஆறாவது வருடத்தில் உடைக்கும்போது நாம் ஆறு வருடத்தைத்தான் இழந்தோம் என்று மனது சொல்லும். உண்மையில் வரிசையின் கடைசியில் இருக்கும் அந்தக் கொழுத்த ஆறு வருடங்கள்தான் கழன்று விழுகின்றன. 30 வருடம் என்பது 24 ஆகிவிடுகிறது.

சரி, எதை முதலில் செய்வது? உங்கள் மூன்று காரணங்களையும் தனித் தனியாக எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், மேலே சொன்ன மஞ்சள் சீட்டு ரகம். வீட்டிலுள்ள பெரிய சாமான்களின் வயதை ஒரு தாளில் எழுதினால், அடுத்து எது படுக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மாமியாரின் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிரீமியமும் ஏறும், இது கவர் ஆகாது அது கவர் ஆகாது என்ற பட்டியலும் நீளும். வேலை போனதற்கு அவசர நிதி. மூன்று மாதச் செலவு கட்டாயம், ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடென்றால் ஆறு மாதம். கவனியுங்கள், செலவைச் சொல்கிறேன், சம்பளத்தை இல்லை. வேலை போன மாதம் நீங்கள் சேமிக்கப் போவதில்லையே! இந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலோ எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய டெபாசிட்டிலோ கிடக்கட்டும். ‘சும்மா கிடக்கிறதே, எங்காவது போட்டால் நாலு காசு வருமே’ என்று ஒரு குரல் கேட்கும். தீயணைப்பு வண்டியும் பெரும்பாலான நாள் சும்மாதான் நிற்கிறது.

இதை நிரப்ப உங்களுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதுவரை முதலீட்டை மாதம் 500 என்று பேருக்கு ஓட விடுங்கள், நிறுத்தாதீர்கள். நிறுத்தியதை மறுபடி தொடங்க ஒரு நல்ல நாள் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் மூன்று முறை உடைத்தும் வெளியே கடன் வாங்கவில்லை. அந்தப் பணம் இல்லாதிருந்தால் மூன்று கடன் வந்திருக்கும். ‘எங்கள் மாதிரி ஆட்கள்’ என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

எந்த ஃபண்டில் போடுவது? நண்பர் ஒருவர் ஒரு திட்டத்தைச் சொல்கிறார், காப்பீடும் உண்டு, முதலீடும் உண்டு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறார்.

அந்த மாங்காயை நானும் வாங்கியிருக்கிறேன் சார். தெரிந்தவர், நல்ல மனிதர், வீட்டுக்கே வந்து படிவம் நிரப்பிக் கொடுத்தார். பதினைந்து வருடம் ஒரு தவணைகூடத் தப்பாமல் கட்டினேன். முடிந்ததும் கணக்குப் போட்டால், வருடத்துக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. காப்பீட்டுத் தொகையைப் பார்த்தால், எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஒரு வருடம்கூட ஓட்டியிருக்க முடியாது. சம்பளப் பிரிவில் நாள் முழுக்கக் கணக்கு போட்டவள், என் கணக்கை மட்டும் பதினைந்து வருடம் கழித்துப் போட்டேன். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ‘இதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். நட்பு கெடாது. கெட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

காப்பீடு வேண்டுமென்றால் டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் நாம் இறந்தால் மட்டும் வீட்டுக்குப் பணம் தருவது. காலம் முடிந்தால் ஒன்றும் திரும்பி வராது, அதனால்தான் மலிவு. உங்களை நம்பி யாரும் இல்லையென்றால் அதுவும் தேவையில்லை. முதலீடு தனி.

முதலீட்டுக்கு என் பதில் சுவாரசியமே இல்லாதது: செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட். எந்த நிறுவனம் ஜெயிக்கும் என்று யோசிக்காமல், சந்தைக் குறியீட்டில் (குறிப்பிட்ட நிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்துக் காட்டும் எண்) உள்ள எல்லாவற்றிலும் அந்தந்த அளவில் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிடும் ஃபண்ட். வான்கார்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிள் 1976இல் அமெரிக்காவில் சாதாரண மக்களுக்கென்று இதைக் கொண்டுவந்தபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள், வந்தது 1.13 கோடி. ‘போகிளின் பைத்தியக்காரத்தனம்’ என்று கேலி செய்தார்கள். பிறகு பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் பத்து லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். 2008 தொடக்கத்திலிருந்து 2017 முடிய, ஒரு பக்கம் எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் பெரிய 500 நிறுவனங்களின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்ட், மறுபக்கம் கெட்டிக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து ஹெட்ஜ் ஃபண்டுத் தொகுப்புகள் (பணக்காரர்களின் பணத்தை அதிகக் கட்டணத்துக்கு நிர்வகிப்பவை). முதல் வருடமே இண்டெக்ஸ் 37 சதவீதம் விழுந்தது, பஃபெட் பின்தங்கினார். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் இண்டெக்ஸ் ஏறத்தாழ 126 சதவீதம் ஏறியிருந்தது. எதிர்ப்பக்கத்து ஐந்தில் சிறந்ததே 88 சதவீதத்துக்கு உள்ளேதான். கடைசியில் வந்ததற்கு 3 சதவீதம்கூட இல்லை.

தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பெரிய காரணம், பணத்தை நிர்வகிக்க ஃபண்ட் எடுத்துக்கொள்ளும் கட்டணம். முன்னே சொன்ன மாதம் 5,000 கணக்கையே எடுங்கள். 8 சதவீத வளர்ச்சியில் வருடத்துக்கு 2 சதவீதம் கட்டணமாகப் போனால், முப்பது வருட முடிவில் 74.5 லட்சத்துக்குப் பதில் ஏறத்தாழ 50 லட்சம். போன 24 லட்சம், நீங்கள் முப்பது வருடம் வயிற்றைக் கட்டிப் போட்ட மொத்தப் பணமான 18 லட்சத்தைவிட அதிகம். இரண்டு சதவீதம் என்று சொல்லும்போது அது கண்ணுக்கே தெரிவதில்லை. விளம்பரத்தில் அதைப் பொடி எழுத்தில் போடுவதும் அதனால்தான்.

தங்கமா, பங்கா?

கொஞ்சம் தங்கம் இருக்கட்டும். ஆனால் ‘தங்கம் இறங்கவே இறங்காது’ என்பவரிடம் ஒரு தேதி சொல்லுங்கள். 1980 ஜனவரியில் டாலர் கணக்கில் தங்கம் தொட்ட உச்சத்தை அது மறுபடி தாண்டியது 2008 ஜனவரியில். 28 வருடம்! விலைவாசியைக் கழித்தால் இன்னும் அதிகம். வீட்டில் ஏற்கனவே இருக்கிற தங்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு யோசியுங்கள். பலருக்கு ‘கொஞ்சம்’ என்ற அளவு எப்போதோ தாண்டியிருக்கும்.

போட ஆரம்பித்து எட்டு மாதம். ஆப்பைத் திறந்தாலே சிவப்பு. போட்டதில் ஏழில் ஒரு பங்கு காணோம். ராத்திரி தூக்கம் வருவதில்லை. எடுத்துவிடட்டுமா?

அந்தப் பணம் எப்போது வேண்டும்? கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது அதுதான். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டுமென்றால், அது பங்குச் சந்தைக்கே வந்திருக்கக் கூடாது. எடுத்துவிடுங்கள், நஷ்டத்தைக் கல்விக் கட்டணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து வேண்டிய பணம் என்றால் ஆப்பை போனிலிருந்து எடுங்கள், பணத்தை அல்ல.

‘நீண்ட காலத்தில் சந்தை ஏறியே தீரும்’ என்று சொல்லி உங்களைத் தூங்க வைக்க நான் தயாராக இல்லை. அமெரிக்காவில் 1929 செப்டம்பரில் 381இல் இருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41க்கு வந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 1954 நவம்பர் ஆயிற்று. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. இதெல்லாம் உச்சியில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டுக் காத்திருந்தவரின் கணக்கு, நிறுவனங்கள் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைச் சேர்க்காமல். மாதா மாதம் போட்டவர் இறங்கிய விலையிலும் வாங்கிக்கொண்டே வந்திருப்பார், அவர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஒரே நாட்டுச் சந்தையில் எல்லாவற்றையும் வைக்க வேண்டாம் என்று நிக்கேய் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்னொரு பக்கமும் உண்டு: 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் எஸ் அண்ட் பி 500 பாதிக்கு மேல் விழுந்தது. 2013 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. விழுந்து கிடந்தபோது விற்றவர்களுக்கு அந்த மார்ச் வரவே இல்லை.

பங்கில் எவ்வளவு, பாதுகாப்பான கடன் பத்திரத்தில் (அரசு போன்றவற்றுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குவது) எவ்வளவு என்பதற்கு ஒரு கதை. முதலீட்டை எப்படிப் பிரித்துப் போடுவது என்று 1952இல் கணிதமாகவே எழுதி, 1990இல் அதற்காக நோபல் பரிசு வாங்கியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். தன் சொந்த ஓய்வுக்காலப் பணத்தை மட்டும் அவர் பங்கில் பாதி, கடன் பத்திரத்தில் பாதி என்று போட்டார். சந்தை ஏறி நாம் உள்ளே இல்லாவிட்டாலும் வருத்தம், விழுந்து நாம் உள்ளே இருந்தாலும் வருத்தம், வருத்தத்தைக் குறைக்கப் பாதிப் பாதி, அவ்வளவுதான் கணக்கு என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நோபல்காரருக்கே தூக்கம் முக்கியமாக இருந்திருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வரும் அளவுக்குப் பங்கின் விகிதத்தைக் குறைத்துக்கொள்வதில் வெட்கமே இல்லை. ஆனால் குறைத்த விகிதத்தை, சந்தை ஏறும்போது ‘ஐயோ விட்டுவிட்டேனே’ என்று கூட்டாதீர்கள்.

வயது 52. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஓடிவிட்டது. ஓய்வுக்கு இன்னும் 13 வருடம். சேர்த்தது சொற்பம். இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது?

ஓய்வு பெறும் அன்றைக்கே மொத்தப் பணத்தையும் எடுத்துச் செலவழிக்கப் போகிறீர்களா என்ன? 65இல் எடுக்க ஆரம்பித்தாலும், அதில் ஒரு பங்கு 80ஆம் வயதுக்கு உரியது. அந்தப் பங்குக்கு இன்னும் 28 வருடம் இருக்கிறது.

தாமதமாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு, விட்டதைப் பிடிக்க ஓடுவது. மாதம் 5 சதவீதம் தருகிறேன் என்பவர்கள் உங்கள் வயதுக்காரர்களைத்தான் தேடி வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் 27 வயதுப் பையனிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. உங்கள் செலவு உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்கு போட்டார்: முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால், பங்கும் கடன் பத்திரமும் கலந்த சேமிப்பு முப்பது வருடமாவது தாங்கியிருக்கும் என்று. அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை வைத்துப் போட்டது, வேதவாக்கு இல்லை. தோராயமாக வருடச் செலவைப் போல 25 மடங்கு சேமிப்பு வேண்டும் என்று அர்த்தம். இதையே திருப்பிப் பாருங்கள். மாதச் செலவில் 1,000 குறைந்தால் வருடத்துக்கு 12,000, அதன் 25 மடங்கு 3 லட்சம். அந்த 3 லட்சத்தை நீங்கள் இனிச் சேர்க்கவே வேண்டியதில்லை. குறைத்த அந்த 1,000 மாதா மாதம் முதலீட்டுக்கும் போகும். ஒரே வெட்டு, இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பிள்ளைகள் வெளியே போனபின்னும் பழைய அளவு வீட்டில்தான் இருக்கிறீர்களா, இரண்டாவது வண்டி வாரத்தில் எத்தனை நாள் வாசலிலேயே நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக் கடன் முடிகிற மாதத்தில் அந்தத் தவணைத் தொகை அப்படியே முதலீட்டுக்குத் திரும்பட்டும். ஒரு மாதம் கையில் வாங்கிப் பார்த்தால்கூடப் பழகிவிடும், ஜாக்கிரதை.

அப்புறம், பிள்ளைகளிடம் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். எங்கள் ஆபீசில் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது மகன் தொழிலுக்கென்று மொத்தப் பணத்தையும் எடுத்துக் கொடுத்த ஒருவர் இருந்தார். மகன் பின்னால் என்னிடமே வந்து கேட்டான்: “அப்பாவிடம் அவ்வளவுதான் இருந்ததா?”

போன இதழில் கிரெடிட் கார்டுக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம் என்று எழுதியிருந்தீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அது தப்பு, 42க்கு மேலே வரும் என்று அடம் பிடிக்கிறாள். யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி. நான் 3ஐ 12ஆல் பெருக்கிவிட்டுப் போய்விட்டேன். கட்டாத வட்டிக்கும் வட்டி ஏறும் என்பதால் 100 கடன் வருட முடிவில் 142.58 ஆகும். மகளுக்கு இன்னொரு விளையாட்டும் சொல்லிக் கொடுங்கள்: 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இது இருக்கிறது. மாதம் 3 சதவீதம் என்றால் 72ஐ 3ஆல் வகுக்க 24 மாதம், கடன் இரட்டிப்பு. வருடம் 8 சதவீதம் என்றால் உங்கள் முதலீடு இரட்டிப்பாக 9 வருடம். கார்டில் பாக்கி வைத்துக்கொண்டே முதலீடும் செய்கிறோம் என்று எழுதியிருந்த மூன்று வாசகர்களும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, முதலில் கார்டை அடைக்கட்டும்.

பட்டுவாடாப் பிரிவில் தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் சிவப்பு மையால் அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். என்னிடம் இருக்கும் போன இதழில் அப்படியே செய்துவிட்டேன். மகளிடம் சொல்லுங்கள்.